மார்கழிக் கடலுக்குப் பூட்டு இல்லை

மாத்தளையில் ஒரு வீட்டில் டிசம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் பிறந்தநாள் வருகிறது. இந்த முறை கடற்கரைக்குப் போய்க் கொண்டாடலாம் என்று யாரோ ஒருவர் வாய் திறந்தால் போதும், பதில் உடனே வந்துவிடும்: "திருகோணமலை இப்ப சரிவராது, கடல் குழம்பியிருக்கும். போறதென்றால் பெந்தோட்டைக்கோ ஹிக்கடுவைக்கோ போங்க." வான் ஓட்டுகிறவர் இதைச் சொல்வார். கொழும்பில் வேலை செய்யும் தம்பி சொல்வார். வெளிநாட்டுப் பயணிகளுக்கென எழுதப்பட்ட வழிகாட்டி நூல்களும் இதையே அட்டவணையாகப் போட்டிருக்கின்றன: மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கும் மேற்கும். பிறகென்ன, பேச்சு முடிந்தது. ஒன்று, மலையிறங்கிக் கொழும்பைக் கடந்து தெற்கே நெடும்பயணம். இல்லையென்றால், வீட்டிலேயே கேக் வெட்டி முடித்துவிடுவது.

அந்த அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அது நீந்துகிறவர்களுக்கும், கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்க இறங்குகிறவர்களுக்கும் போடப்பட்ட அட்டவணை. அறுபது வயது அம்மாவையும் ஐந்து வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் கடலோரம் இருந்துவிட்டு வர நினைக்கும் ஒரு மாத்தளைக் குடும்பத்துக்கு அது அளவெடுத்துத் தைக்கப்பட்டதல்ல. அந்தக் குடும்பத்துக்கு, டிசம்பரின் கடும் மழை தணிந்த பிறகு, பனிக்காலத்திலும் திருகோணமலையே பொருத்தமான கரை. 'சீசன் இல்லை' என்ற ஒரு சொல்லால் அதை ஒதுக்குவது காரணம் கேட்காமல் கைவிடுவதாகும்.

முதலில், எதிர்த்தரப்பில் உண்மை எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். அதற்கு முந்திய ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் மாதங்கள் இவை. திருகோணமலைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் கொட்டிவிடுகிறது. வாடைக்காற்று நேரே கரையைப் பார்த்து வீசுவதால் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் அலை உயர்ந்து எழும். புறாத்தீவுக்குப் படகு போவது அரிது. திமிங்கிலம் பார்க்கும் பயணங்களும் இல்லை. கடலுக்குள் இறங்கிக் குளிப்பது ஆபத்து. இவற்றில் எதையும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது.

ஆனால் அதே பருவக்காற்றுக்குள் மாதத்துக்கு மாதம் பெரிய வேறுபாடு உண்டு. ஜனவரியில் விழும் மழை டிசம்பரில் விழுவதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. பெப்ரவரியில் அது இன்னும் குறைகிறது. பேச்சில் மட்டும் இந்த மூன்று மாதங்களும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, மொத்தமாக மழைக்காலம் என்று பெயர் பெற்றுவிடுகின்றன. தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் பிறந்தநாள் வரும் ஒருவரைப் பார்த்து, நவம்பர் இறுதிக்குரிய எச்சரிக்கையைச் சொல்லித் தடுப்பதில் நியாயம் இல்லை. மழைக்குப் பயந்து மாத்தளையிலேயே இருந்துவிடலாம் என்பதும் பெரிய பாதுகாப்பு அல்ல. நக்கிள்ஸ் மலைத்தொடரின் இந்தப் பக்கத்திலும் அதே வடகீழ்க் காற்றுதான் மழையைக் கொண்டுவருகிறது. றத்தோட்டையிலும் உக்குவளையிலும் மார்கழியில் துணி காயாமல் அவதிப்படுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, கடலுக்குப் போகிறவர் யார் என்பது. மலைநாட்டில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் கடலில் நீந்திப் பழகியவர்கள் அல்லர். தோட்டத்துப் பெண்கள் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனைய நிற்பார்கள். வயதானவர்கள் மணலில் பாய் விரித்து உட்காருவார்கள். பிள்ளைகள் அலையோடு ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். கூடப் போன இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார்கள். பருவம் தவறினால் இழப்பு அந்த இரண்டு மூன்று பேருக்குத்தான். முழுக் குடும்பத்தின் பயணத்தையும் அவர்களுடைய குளியலை வைத்துத் தீர்மானிப்பது எந்த வகையில் சரி?

கொண்டாட்டத்தின் நாயகி அறுபது வயது அம்மா என்றால் கணக்கு இன்னும் தெளிவாகும். 'நல்ல சீசன்' என்று சொல்லப்படும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் திருகோணமலையில் கச்சான் காற்று வீசும். தென்மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி ஈரத்தை இழந்து வரும் வறண்ட காற்று அது. பகல் வெப்பம் 34 பாகை, 35 பாகை வரை ஏறும். காலை பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. வயதானவர்கள் விடுதி அறையின் மின்விசிறிக்குக் கீழே பகலைக் கழிக்க வேண்டியதுதான். ஜனவரியில் பகல் வெப்பம் 28 பாகை அளவில் நின்றுவிடும். வாடைக்காற்று உடம்புக்கு இதமாக இருக்கும். மழை இல்லாத பொழுதில் மத்தியானம் கழித்தும் கடலோரம் நடக்கலாம். குளிக்க வந்தவருக்கு ஓகஸ்ட் சிறந்தது. உட்கார்ந்து கடலைப் பார்க்க வந்தவருக்கு ஜனவரியே சிறந்தது.

தூரத்தையும் பார்க்கலாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை சுமார் 45 கிலோமீற்றர். அங்கிருந்து ஹபரணை, கந்தளாய் வழியே திருகோணமலை மேலும் 110 கிலோமீற்றர் அளவு. மொத்தம் 155 கிலோமீற்றர். பெரும்பகுதி சமவெளி வீதி. பெந்தோட்டைக்குப் போவதென்றால் முதலில் கண்டிக்குப் போக வேண்டும். பிறகு கடுகண்ணாவை வளைவுகள், கேகாலை, கொழும்பின் நெரிசல், அதன் பின்னரே தெற்கு. 200 கிலோமீற்றருக்குக் குறையாது. 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்தபின் கொழும்புக்கு அப்பாலுள்ள தூரம் எளிதாகிவிட்டது உண்மைதான். கண்டிக்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள தூரமோ இன்னும் பொறுமையைச் சோதிப்பதாகவே இருக்கிறது. முழங்கால் வலியுள்ள ஒருவரை அந்த வழியில் அரை நாள் உட்கார வைத்துவிட்டுப் பிறந்தநாள் பரிசு என்று சொல்வது கடினம். கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ்கள் மாத்தளை நகரத்தின் ஊடாகவே போகின்றன என்பதால், வான் பிடிக்க வசதியில்லாத குடும்பமும் வீட்டருகே ஏறிக் கடலருகே இறங்கலாம்.

இந்த வீதியின் அழகும் பனிக்காலத்துக்கே உரியது. பெரும்போகத்துக்கு ஒக்டோபரில் விதைத்த வயல்கள் ஜனவரியில் பச்சையாக நிற்கும். அறுவடை மாசி, பங்குனியில்தான். வடகீழ் மழை குளங்களை நிரப்பியிருக்கும். கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டில் நின்றால் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்து கிடப்பதைக் காணலாம். அதைத் தாண்டினால் தம்பலகாமம். ஆதி கோணநாயகர் கோயிலைச் சுற்றி வயல்வெளி. ஓகஸ்டில் இதே வழியில் போகிறவர் பார்ப்பது காய்ந்த புல்லையும் இறங்கிப்போன குளங்களையும்தான். கடலை மட்டும் கணக்கில் எடுத்துச் சீசன் சொல்கிறவர்கள், போகும் வழியையும் பயணத்தில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

போய்ச் சேர்ந்தபின் என்ன இருக்கிறது என்பார்கள். குளிக்காவிட்டால் திருகோணமலையில் செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் எதிர்வாதத்தின் மிகப் பலவீனமான இடம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தநாள் காலையில் முதலில் நடப்பது அர்ச்சனை. கடலை நோக்கி நீட்டிய சுவாமிமலையின் உச்சியில் கோணேசர் கோயில் இருக்கிறது. ஈழத்தில் தேவாரப் பதிகம் பெற்ற இரண்டே தலங்களில் ஒன்று, மற்றது மன்னாரின் திருக்கேதீச்சரம். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அந்தப் பாறையடியில் கடலுக்குள் மூழ்கி, பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். இப்போதுள்ள கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. மார்கழியில் விடிகாலைத் திருவெம்பாவை பூசைகள். திருவாதிரையில் ஆருத்திரா தரிசனம். மாசியில் சிவராத்திரியும் அதையடுத்துக் கோணேசர் நகர்வலம் வருவதும். கடற்குளியலின் சீசன் முடிந்த மாதங்களே கோயிலின் சீசன்.

கோயிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டைக்குள்ளே போகிறது. அங்கே மான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் மேய்கின்றன. பிள்ளைகளை அந்த இடத்தை விட்டு நகர்த்துவதே கஷ்டம். கோயிலுக்கு அருகிலுள்ள இராவணன் வெட்டில் நின்று கீழே பார்த்தால், வாடைக்காற்றுக் காலத்து அலை பாறையில் மோதி எழும்புவது தெரியும்; அந்தக் காட்சியை ஓகஸ்ட் பயணி பார்க்கவே முடியாது. அநுராதபுர வீதியில் சில கிலோமீற்றர் போனால் கன்னியா. ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கொளுத்தும் வெயிலில் வெந்நீரை வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதைவிட, மேகம் மூடிய குளிர்ந்த காலையில் ஊற்றிக்கொள்வது எவ்வளவு சுகம் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். கடலில் குளிக்க முடியாத குறையை இந்தக் கிணறுகள் தீர்த்துவிடும். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து எழும்; முகில் விலகிய நாளானால் பிறந்தநாளின் முதல் வெளிச்சத்தையே கடலில் பார்க்கலாம். பெந்தோட்டைக் கரையில் கிடைப்பது மாலைச் சூரியன்தான்.

திருகோணமலை வரலாற்றில் இடம்பிடித்ததே வடகீழ்ப் பருவக்காற்றினால்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 18ஆம் நூற்றாண்டில் சென்னையிலோ சோழமண்டலக் கரையின் வேறெந்த இடத்திலோ பெரிய பாய்க்கப்பல்கள் மாரிக்கு ஒதுங்கக்கூடிய துறைமுகம் இல்லை. ஒக்டோபர் வந்தால் போர்க்கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க முடியாமல் வேறு கரை தேடி ஓட வேண்டும். எந்தக் காற்றுக்கும் அசையாத உள்துறைமுகம் திருகோணமலையில் இருந்தது. அதற்காகவே 1782 ஜனவரியில் பிரித்தானியர் அதை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதைப் பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரு கப்பற்படைகளும் அந்தக் கடலில் மோதின. 1795இல் அது மீண்டும் பிரித்தானியர் கைக்குப் போனது. மாரிக்காலத்தில் அடைக்கலம் தரும் என்பதற்காக உலக வல்லரசுகள் சண்டையிட்ட ஊரை, மாரிக்காலத்தில் போகக் கூடாத ஊர் என்று இன்று சொல்கிறோம். வெளிக்கரையில் அலை உயரும் நாளிலும் உட்துறைமுகத்தின் நீர் அமைதியாகக் கிடக்கும். ஓர்ஸ்ஹில் பக்கம் போய்ப் பார்க்கிறவர்கள் இரண்டு கடல்களை ஒரே நாளில் பார்க்கிறார்கள்.

சீசன் என்பதை இயற்கையே எழுதிக் கொடுத்துவிட்டதாக நினைப்பவர்கள் பிரித்தானியாவின் கடற்கரை ஊர்களைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் விடுமுறைக்குக் கடலுக்குப் போகும் வழக்கத்தையே நமக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். 1750இல் ரிச்சர்ட் ரசல் என்ற மருத்துவர் கடல்நீரின் மருத்துவக் குணங்களைப் பற்றி எழுதிய நூலே பிரைட்டனின் எழுச்சிக்குப் பெரிய தூண்டுகோல். மருந்தாக நினைத்த குளியல் என்பதால் குளிர் மாதங்களையும் அவர்கள் விலக்கவில்லை. நாவலாசிரியை ஃபேனி பர்னி 1782 நவம்பரில் விடியுமுன் பிரைட்டன் கடலில் குளித்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். டோர்க்கி, போர்ன்மத் ஆகிய ஊர்கள் பெயர் வாங்கியதே குளிர்கால உறைவிடங்களாகத்தான். நெஞ்சு நோயாளிகளை மருத்துவர்கள் அங்கே அனுப்பினார்கள். நாவலாசிரியர் ஆர். எல். ஸ்டீவன்சன் உடல்நலம் தேடி 1884 முதல் 1887 வரை போர்ன்மத்தில் தங்கியிருந்தார். 1841இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் வந்தது, 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. தொழிலாளர் குடும்பங்கள் கோடை விடுமுறையில் கூட்டமாக வரத் தொடங்கிய பிறகே கடற்கரை என்றால் கோடை என்ற எண்ணம் அங்கே நிலைத்தது. கடலும் காற்றும் அப்படியே இருந்தன. மாறியது மக்களுக்கு ஓய்வு கிடைத்த நாட்கள்.

கோடைக் கூட்டம் கலைந்ததும் பிளாக்பூல் ஊர் என்ன செய்தது? 1879இல் மின்விளக்கு வெளிச்சத்தைக் கடலோரத்தில் காட்டிக் கூட்டம் சேர்த்த அந்த நகரம், 20ஆம் நூற்றாண்டில் இலையுதிர் காலத்துக்கென்றே விளக்கு அலங்காரத்தை ஆண்டு விழாவாக்கியது. குளிக்க முடியாத மாதங்களில் மக்களைக் கடலோரத்துக்கு அழைத்து ஒரு புதிய சீசனையே உண்டாக்கியது. இன்றும் பிரித்தானியர் ஜனவரியில் பிரைட்டனுக்கும் விட்பிக்கும் கோர்ன்வாலுக்கும் பிறந்தநாள் கொண்டாடப் போகிறார்கள். பிரைட்டனில் அப்போது பகல் வெப்பமே சுமார் 8 பாகை. கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அலை பார்த்து நடப்பதும், சூடாக மீன் பொரியல் சாப்பிடுவதும், வெறிச்சோடிய கரையில் நிம்மதியாக உட்காருவதுமே அவர்களுக்கு விடுமுறை. 28 பாகை வெப்பமுள்ள திருகோணமலையைக் குளிர்காலத்தில் மூடிவிடும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

ஜேன் ஒஸ்டினின் 'பெர்ஸுவேஷன்' நாவலில் ஒரு கூட்டம் கடலோர ஊரான லைம் ரீஜிஸுக்குப் போவது நவம்பரில். சீசனுக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்ட பிறகு, கடலை நேசிப்பவர்கள் மட்டும் ரசிக்கும் ஊராக அதை அவர் காட்டுகிறார். அவருடைய தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாவில் காலமாகி, திருகோணமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் குடும்பத்தின் ஒரு கல்லறை கிழக்குக் கரையில் இருக்கிறது என்பது மாத்தளையிலிருந்து போகும் ஆங்கில ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

மலையக மக்களுக்குக் கடலோடுள்ள உறவும் குளியலில் தொடங்கியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மூதாதையர் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். பலர் வழியிலேயே நோயிலும் பசியிலும் மடிந்தார்கள். 2023இல், அந்த வருகையின் இருநூறு ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைப்பயணம் நடந்தது. அது முடிந்தது இந்த மாவட்டத்தில்தான். அப்படி வந்தவர்களின் பேத்தி ஒருத்தி, கொழுந்து பறித்தே அறுபது வயதைத் தொட்டவர், கடலை அருகில் நின்று பார்க்க ஆசைப்படுகிறார் என்றால், புறாத்தீவுக்குப் படகு இல்லை என்ற காரணம் அவருக்கு எந்த அளவில் பொருட்டாகும்? அவருக்கு வேண்டியது கடல்தான். தமிழில் பேசி அறை எடுக்கலாம், தமிழில் பேசி மீன் வாங்கலாம், கோயிலில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்யலாம் என்பதும் அவருக்குச் சின்ன விஷயமல்ல.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முழுமை பெறாது. நத்தாரிலிருந்து ஜனவரி முடியும் வரை தெற்குக் கரையில் ஐரோப்பியப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். ஆண்டிலேயே அறை வாடகை உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. அதே நாட்களில் உப்புவெளியிலும் அலஸ்தோட்டத்திலும் நிலாவெளியிலும் அறைகள் காலியாகக் கிடக்கின்றன. வாடகை இறங்குகிறது, பேரமும் பேசலாம். எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு, தெற்கில் ஓரிரவுக்கு ஆகும் காசில் கிழக்கில் இரண்டு இரவு தங்க முடியுமானால், அது பயணம் நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானிக்கும். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். விடுதியில் சமைக்கும் பெண்ணுக்கும் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவருக்கும் ஆண்டு முழுவதும் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஐந்து மாதம் வருமானமும் ஏழு மாதம் காத்திருப்புமாக அவர்களின் வாழ்க்கை ஓடுகிறது. வெளிநாட்டார் வராத மாதங்களில் மாத்தளையிலிருந்தும் கண்டியிலிருந்தும் குடும்பங்கள் போனால் அந்தக் காத்திருப்பு குறையும்.

பயத்தைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். டிசம்பர் என்றாலே சுனாமியை நினைக்கும் வீடுகள் உண்டு. 2004 டிசம்பர் 26ஐ யாரால் மறக்க முடியும்? ஆனால் சுனாமி பருவக்காற்றால் வந்ததல்ல, கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. அது கிழக்கை மட்டும் தாக்கவும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு ரயில் அடித்துச் செல்லப்பட்ட பெரேலிய கிராமம் ஹிக்கடுவைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த நினைவைக் காரணம் காட்டிக் கிழக்கை விட்டுத் தெற்குக்குப் போவது பொருந்தாது.

புயல் பயம் வேறு. அதற்கு அடிப்படை உண்டு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் புயல் மட்டக்களப்பைச் சிதைத்தது. 2000 டிசம்பர் இறுதியில் திருகோணமலைக் கரையிலேயே புயல் ஏறியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மிகக் கொடிய இழப்புகள் நேர்ந்தது மண்சரிந்த மலைநாட்டு மாவட்டங்களில், மாத்தளையும் தப்பவில்லை. ஆகவே நவம்பரிலும் டிசம்பர் முற்பாதியிலும் பிறந்தநாள் வருகிறவர்கள் அந்த நாட்களில் கிளம்ப வேண்டாம். கடலுக்கும் வேண்டாம், மலைப்பாதைக்கும் வேண்டாம். கொண்டாட்டத்தைத் தை மாதத்துக்குத் தள்ளி வைப்பதில் எந்தக் குறையும் இல்லை. டிசம்பர் பிற்பாதியில் போகிறவர்கள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைக் கிளம்பும் நாள் காலையிலும் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். தாழமுக்கம் என்று சொல்லியிருந்தால் வானைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானைகள் வீதிக்கு வரும் என்பதால் இருட்டுமுன் அந்தப் பகுதியைக் கடப்பது கட்டாயம். எந்த மாதத்தில் போனாலும் வாடைக்காற்றுக் காலத்துக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கவே கூடாது. இளைஞர்களிடம் இதை வீட்டிலேயே சொல்லி உறுதி வாங்கிவிட வேண்டும்.

இத்தனை எச்சரிக்கை தேவைப்படும் இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்கள், அமைதியான கடலும் ஆளை இழுக்கும் என்பதை மறக்கிறார்கள். கடல் குழம்பியிருப்பது கண்ணுக்குத் தெரியும்போது தாய்மார் பிள்ளையின் கையை விடுவதில்லை. அமைதியாகத் தெரியும் கரையில்தான் கவனம் தளர்கிறது. நீச்சல் தெரியாத குடும்பத்துக்கு, இறங்குவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்துப் போகும் பயணம் பாதுகாப்பானது.

தெற்குக் கரைக்கு இங்கே எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. நீந்தத் தெரிந்தவர்கள், பவளப்பாறை பார்க்க விரும்பும் இளைஞர்கள், காலிக் கோட்டையைச் சுற்ற ஆசைப்படுகிறவர்கள், மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்க நினைப்பவர்கள் ஜனவரியில் அங்கேயே போக வேண்டும். அவர்களுக்கு அந்த அட்டவணை முழுக்கச் சரி. பிழை எங்கே வருகிறதென்றால், அவர்களுக்கான விடையை எல்லோருக்கும் பொதுவான விடையாக்கும்போது. மாத்தளையில் கடலோரப் பயணம் பேசப்படும் வீடுகளில் பெரும்பாலானவை பெரியவர்களும் சிறுவர்களும் கோயிலும் பட்ஜெட்டும் கலந்த குடும்பங்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, அங்கே போய் என்ன செய்ய ஆசைப்படுகிறார்கள் என்பது. மாதத்தைக் கேட்பது அதற்குப் பிறகு.

திருகோணமலை விடுதிக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'ஓப் சீசன்' என்று சொல்லிச் சமையலறையை மூடி, அரை வெளிச்சத்தில் அறை கொடுத்தால், வந்த குடும்பம் அடுத்த ஆண்டு வராது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களுக்கென்று உள்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு விலையையும், காலையில் கோணேசர் கோயில், பகலில் கன்னியா, மாலையில் உட்துறைமுகம் என்று ஒரு நாள் ஒழுங்கையும் அவர்கள் அறிவிக்கலாம். பெரியவர்களுக்குத் தரைத்தளத்தில் அறை, மரக்கறிச் சாப்பாடு, மழை வந்தால் உட்கார்ந்து கடலைப் பார்க்கக் கூரையுள்ள ஒரு திண்ணை: இவ்வளவு இருந்தால் போதும். மாநகரசபையும் கிழக்கு மாகாண சுற்றுலாத்துறையும் திருவாதிரையிலிருந்து சிவராத்திரி வரையிலான நாட்களைச் சேர்த்து ஒரு குளிர்காலச் சீசனாக அறிவித்தால், அதற்குப் பெரிய செலவும் இல்லை. மாத்தளைக் குடும்பங்கள் செய்ய வேண்டியதும் எளிதானது. சில விடுதிகள் இந்த மாதங்களில் மூடித் திருத்த வேலை பார்க்கும். ஆகவே தொலைபேசியில் முதலே கேட்க வேண்டும். சமையலறை இயங்குகிறதா, தண்ணீர் சூடாக வருமா, மழை எச்சரிக்கை வந்தால் முற்பணத்தை வேறு திகதிக்கு மாற்றித் தருவார்களா என்ற மூன்றுக்கும் ஆமென்று பதில் வந்தால், தைப்பூசத்தை ஒட்டிய ஒரு சனி, ஞாயிறைப் பிடித்து அறையைப் பதிவு செய்துவிடலாம்.